அடுத்த கரையில் ஓர் இடம்

மன்னார்த் தீவுக்கு இரண்டு கடல். பெரிய பாலத்தைக் கடந்து மன்னார் நகருக்குள் வந்து, தலைமன்னார் வீதியால் வடமேற்கே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் போனால் தீவு முடிந்துவிடும். அப்படிப் போகும்போது வலது கைப்பக்கம் இருப்பது பாக்கு நீரிணைக் கடல். இடது கைப்பக்கம் இருப்பது மன்னார் வளைகுடாக் கடல். நடுவில் பனையும் உடைமரமும் மணலும் மேயும் கழுதைகளுமாகச் சில கிலோமீற்றர் நிலம் மட்டுமே உள்ளது. வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு இரண்டும் ஒரே கடலாகத்தான் தெரியும். அங்கே வாழும் தொழிலாளர் குடும்பங்களுக்கோ அவை ஆண்டை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கும் இரு வேறு கடல்கள்.

மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை சோளகக் காற்று அடிக்கும். அப்போது தென்கரையில் அலை எழும்பி நிற்கும். வடகரை ஒதுக்கமாக இருக்கும். நவெம்பர் தொடங்கி பெப்ரவரி வரை வாடைக் காற்று. அப்போது வடகரை குமுறும், தென்கரை அடங்கும். ஒரு கரையை மட்டும் நம்பியிருப்பவரின் அடுப்பு ஆண்டில் சில மாதங்கள்தான் ஒழுங்காக எரியும். ஆகவே வடகரையிலுள்ள பேசாலை போன்ற ஊர்களின் சிறு வள்ளங்கள் வாடைக் காலத்தில் தென்கரைக்கு மாறும். சோளகம் பிறந்ததும் வீட்டுக் கரைக்குத் திரும்பும். தலைமன்னாருக்கு அப்பால் தனுஷ்கோடி வரை இராமர் அணை என்றும் ஆதாம் பாலம் என்றும் சொல்லப்படும் மணல் திட்டுகள் கிடப்பதால், கடலால் சுற்றிப் போவது எல்லா வள்ளத்துக்கும் இலேசான காரியமல்ல. உழவு இயந்திரப் பெட்டியில் வள்ளத்தை ஏற்றி, தீவுக்குக் குறுக்கே தரையால் கொண்டு போவோரும் உண்டு.

வள்ளம் மாறினால் வாழ்க்கையும் கூட மாறும். கிடுகால் வேய்ந்த வாடி அமைக்க வேண்டும். குடிதண்ணீர் எடுக்க ஒரு கிணறு வேண்டும். வலை காயப்போடவும் கருவாடு போடவும் வெளி வேண்டும். மீன் எடுக்கும் லொறி வந்து போக வழி வேண்டும். வலையிலிருந்து மீனும் நண்டும் கழற்றுவது, மீன் வெட்டி உப்பிடுவது, கருவாட்டைப் புரட்டிப் போடுவது, சமைப்பது என்று வாடியின் வேலைகளில் பெரும்பங்கு பெண்களின் கையில்தான். கரையில் இடம் என்று சொல்லும்போது ஆண்கள் வள்ளம் இழுக்கும் இடத்தைத்தான் நினைப்பார்கள். பெண்களுக்கோ அது கிணற்றையும் நிழலையும் மறைவிடத்தையும் சேர்த்த ஒரு பெரிய கணக்கு.

இந்த இடம் சும்மா கிடைப்பதில்லை. கரைவலை இழுக்கும் கரைகள் 'பாடு' என்று எல்லை பிரிக்கப்பட்டவை. எந்தப் பாட்டில் யாருடைய வலை, எந்த முறையில் வளைப்பது என்பதற்கு ஊர் வழக்கும் உண்டு, அரசாங்க விதியும் உண்டு. தாழ்வுபாடு என்ற ஊர்ப்பெயரிலேயே அந்தச் சொல் ஒலிக்கிறது. வெளியூர் வள்ளம் ஒன்று வந்து இறங்குவதானால் உள்ளூர்ச் சங்கத்தைக் கேட்க வேண்டும். பாட்டுக்குக் குறுக்கே வலை விடக்கூடாது. பருவம் முடிந்ததும் வாடியைப் பிரித்துக்கொண்டு போய்விட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இன்று இடம் தந்தவர் நாளை தம் கரைக்கு வந்தால் இவர் இடம் கொடுக்க வேண்டும். எழுதி வைத்தாலும் வைக்காவிட்டாலும் கரையோர வாழ்வைத் தாங்கி நிற்பது இந்தக் கொடுக்கல் வாங்கல்தான்.

தீவின் நுனியிலுள்ள தலைமன்னார்த் துறைக்குப் போனால் இதன் மறுபக்கம் தெரியும். 1914இல் இங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பற் சேவை தொடங்கியது. இரு பக்கத்திலும் புகையிரதம் வந்து காத்து நிற்கும். 1964 டிசெம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பின்னர் இராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பலும் 1984இல் நின்றுபோனது. போரில் அழிந்த புகையிரதப் பாதை திருத்தப்பட்டு 2015இல் மீண்டும் துறைவரை புகையிரதம் வந்தது. ஆனால் பயணிகள் இறங்கி ஏறுவதற்குக் கப்பல் இல்லை. எதிரே வரவேற்கும் கரை இல்லாதபோது துறையும் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கட்டடம்தான்.

திரும்பிப் பாலத்தைக் கடந்து பெருநிலத்துக்கு வந்து தெற்கே வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை என்று போனால், அடுத்த ஊர்க்காரருக்கு மட்டுமல்லாமல் தூர தேசத்தவருக்கும் இடம் கொடுத்த கரையைக் காணலாம். அரிப்பில் ஆளுநர் பிரெடெரிக் நோர்த் கட்டுவித்த மாளிகையின் இடிபாடுகள் கடல் அரிப்பில் உதிர்ந்துகொண்டிருக்கின்றன. முத்துக்குளிப்பைக் கவனிப்பதற்காக அமைத்த மாளிகை அது. முத்துக்குளிப்பு அறிவிக்கப்பட்டால் ஆளில்லா மணல்வெளியில் சில வாரங்களில் ஒரு நகரமே எழும்பும். 1905இல் மரிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்பில் 300க்கும் மேற்பட்ட படகுகள் பங்குபற்றி 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகளை எடுத்தன. தமிழ்நாட்டுக் கரையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பருவம் முடிந்ததும் கொட்டில்களைப் பிரித்துக்கொண்டு தத்தம் கரைக்குப் போனார்கள். பிற்காலத்தில் நீர்கொழும்பு, சிலாபம் பகுதிகளிலிருந்து பருவத்துக்கு வந்து வாடி போடுவோரும் இதே கரையில்தான் இறங்கினார்கள்.

லண்டனில் உறவினர் உள்ளவர்கள் அங்கே கால்வாய்க் கரைகளில் வரிசையாகக் கட்டி நிற்கும் படகுகளைப் படத்தில் பார்த்திருக்கக் கூடும். ஏறத்தாழ ஏழு அடி அகலமே உள்ள, ஒடுங்கி நீண்ட படகுகள் அவை. முன்னர் நிலக்கரியும் சாமானும் ஏற்றியவை. இன்று பலர் அவற்றை வீடாகவும் சுற்றுலாவுக்கும் வைத்திருக்கிறார்கள். 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் கால்வாய்களில் படகு வைத்திருப்பவர் தமக்கென நிலையான ஒரு தரிப்பிடம் வைத்திருக்க வேண்டும். இல்லையேல் ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் பொதுவாகத் தங்காமல் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். சில தரிப்பிடங்கள் தங்களுக்குள் ஓர் உடன்பாடும் செய்துகொள்கின்றன. ஒன்றில் வாடகை கட்டி இடம் வைத்திருப்பவர், பயணம் போகும்போது மற்றதில் சில இரவுகள் காசு கொடாமலே தங்கலாம். அங்கிருந்து வருபவருக்கும் இங்கே அப்படியே.

மன்னாரின் வாடி வழக்கமும் இதுவும் ஒன்றுதான் என்று தோன்றும். ஆனால் இதில் கவனிக்க வேண்டிய ஒரு விடயம் இருக்கிறது. அடுத்த தரிப்பிடத்தில் விருந்தாளியாக இறங்கும் உரிமை, தனக்கென்று ஓர் இடம் உள்ளவருக்குத்தான். சொந்த இடம் இல்லாதவருக்கு நகர்ந்துகொண்டே இருப்பதுதான் விதி. பதினைந்தாம் நாள் "எழும்பு" என்பார்கள்.

போர் எங்கள் கரைகளுக்குச் செய்தது இதைத்தான்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம் மக்களை வெளியேற்றியபோது, எருக்கலம்பிட்டி உட்பட மன்னார்த் தீவின் முஸ்லிம் குடும்பங்கள் படகுகளில் கற்பிட்டிக் கரையில் போய் இறங்கின. புத்தளத்து மக்கள் இடம் கொடுத்தார்கள். ஒரு பருவத்துக்கு என்று நினைத்து வந்த விருந்து இருபது ஆண்டு நீண்டது. கிணறும் பள்ளிக்கூடமும் தொழிலும் இரு பகுதியாருக்கும் போதாமற் போனபோது விருந்தினருக்கும் மனம் நொந்தது, வீட்டாருக்கும் மனம் நொந்தது. குற்றம் இருவருடையதும் அல்ல. திரும்பக் கொடுக்க ஒரு கரை கையில் இல்லாதவராக அந்தக் குடும்பங்கள் ஆக்கப்பட்டிருந்தன. அதே 1990இல் தலைமன்னார், பேசாலைக் கரைகளிலிருந்து இராமேஸ்வரம் போய் மண்டபம் முகாமில் இருந்த தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்த நிலை புரியும்.

சிலாவத்துறைக்குத் தெற்கே முள்ளிக்குளம். 2007இல் மக்கள் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார்கள். பிறகு அங்கே கடற்படை முகாம் அமைந்தது. மக்கள் மலங்காட்டிலும் காயாக்குழியிலும் கொட்டில் போட்டு இருந்து, தங்கள் ஊருக்கு அயலிலேயே அந்நியராக வாழ்ந்தார்கள். 2017 மார்ச் மாதம் அவர்கள் வீதியோரத்தில் இருந்து தொடங்கிய போராட்டத்தில் முன்னுக்கு நின்றவர்கள் பெண்கள். ஏப்ரல் 29ஆம் திகதி, காணியின் ஒரு பகுதியை விடுவிக்கக் கடற்படை உடன்பட்டது.

மன்னார்க் கரை வழியே வடக்கே போனால் விடத்தல்தீவு, தேவன்பிட்டி தாண்டி, கிளிநொச்சி மாவட்டத்துக் கடலில் இரணைதீவு இருக்கிறது. 1992இல் இடம்பெயர்ந்த அந்த மக்கள் எதிர்க்கரையிலுள்ள இரணைமாதா நகரில் கால் நூற்றாண்டு இருந்தார்கள். 2017 மே முதலாம் திகதி தொடங்கிய போராட்டம் ஒரு வருடமளவும் நீடித்தது. 2018 ஏப்ரல் 23ஆம் திகதி, வெள்ளைக்கொடி கட்டிய படகுகளில் பெண்களும் ஆண்களுமாகத் தாங்களே கடல் கடந்து போய்த் தங்கள் தீவில் இறங்கினார்கள். அத்தனை வருடமும் அவர்களுக்குத் தங்கக் கரை இருந்தது. ஆனால் தங்கிய கரை வேறு, சொந்தக் கரை வேறு என்பதை அந்தப் பெண்கள் ஒரு நாளும் மறக்கவில்லை.

இப்போது எங்களைப் போன்ற குடும்பங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஊர் திரும்பியிருக்கலாம், கரையும் விடுபட்டிருக்கலாம். ஆனால் வள்ளமும் இயந்திரமும் வலையும் இறந்துபோன அல்லது காணாமற்போன கணவரின் பெயரில் இருந்தால், கரையில் அந்தப் பெண் இன்னமும் விருந்தாளிதான். சங்கக் கூட்டத்தில் அவளுக்குக் கதிரை இல்லை. வாடி போடும் இடம் பிரிக்கும்போது அவள் பெயர் வாசிக்கப்படாது. வள்ளத்தை வாடகைக்கு விட்டால் பங்கு எவ்வளவு என்பதைக் கூட வேறு யாராவது சொல்லித்தான் அறிய வேண்டும்.

இங்கிலாந்துக் கால்வாய்ப் படகுகளில் ஒரு காலத்தில் குடும்பங்கள் பிறந்து வளர்ந்து வேலை செய்தன. பெண்களும் சுக்கான் பிடித்தார்கள். பிள்ளைகளுக்கு நிலையான பள்ளிக்கூடம் இருக்கவில்லை. 1877இல் வந்த சட்டம் ஒவ்வொரு குடியிருப்புப் படகும் ஓர் ஊரில் பதியப்பட வேண்டும் என்றது. படகு எங்கே ஓடினாலும், பதிந்த ஊரே அந்தப் பிள்ளைகளின் ஊர் என்றும், படிப்புக்கு அந்த ஊரே பொறுப்பு என்றும் வைத்தது. பதிவேட்டில் ஒரு வரி இருந்தால்தான் உரிமை கேட்க ஓர் இடம் இருக்கும் என்பதை அந்தச் சட்டம் காட்டுகிறது.

எங்களுக்கும் அதுவே வழி. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளச் சட்டத்தின் கீழ் வள்ளத்துக்குப் பதிவும் தொழிலுக்கு அனுமதிப்பத்திரமும் வேண்டும். வள்ளம் குடும்பத்தின் கையில் இருந்தால், யார் பெயரில் பதிவு நிற்கிறது என்று கடற்றொழில் பரிசோதகரிடம் கேட்டு அறிந்து வையுங்கள். கணவர் காணாமற் போனவராயின், 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டப்படி மரணச் சான்றிதழ் எடுக்காமலே, அவர் காணாமற் போனவர் என்பதற்கான சான்றிதழைப் பெறலாம். அதை வைத்துக் குடும்பத்தின் சொத்து அலுவல்களைத் தற்காலிகமாகப் பார்க்கச் சட்டம் இடம் தருகிறது. அதை எடுப்பதும் விடுவதும் அவரவர் மனம். ஆனால் அப்படி ஒரு வழி இருப்பது தெரிந்திருக்க வேண்டும். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் உங்கள் பெயரிலேயே அங்கத்துவம் கேளுங்கள். தனியே கேட்கத் தயக்கமாக இருந்தால் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துச் சகோதரிகள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அடுத்த பருவத்துக்கு வெளியூர் வள்ளங்கள் வந்து இடம் கேட்கும்போது அந்தப் பேச்சிலும் பெண்கள் இருக்க வேண்டும். எத்தனை வாடி, எந்தக் கிணறு, எத்தனை மாதம், குப்பையும் மீன் கழிவும் எங்கே போவது, எங்கள் வள்ளம் அவர்களுடைய கரைக்குப் போனால் என்ன தருவார்கள் என்பதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி இரு பகுதியாரும் கையெழுத்து வைத்தால், பிறகு சண்டைக்கு இடம் குறையும். ஊருக்குத் திரும்பி வந்த குடும்பம் தன் பழைய பாட்டைக் கேட்கும்போதும் இதே பொறுமையும் இதே கொப்பியும் உதவும்.

காற்று எங்களைக் கேட்டுத் திசை மாறுவதில்லை. சோளகம் போனால் வாடை வரும். ஒரு கரை மூடினால் மறுகரைக்குப் போகத்தான் வேண்டும். அப்படிப் போகிறவளுக்குத் திரும்பி வர ஒரு கரையும், அந்தக் கரையின் பதிவேட்டில் அவளுடைய பெயரும் இருக்க வேண்டும்.