பாவம் சுமக்கும் காற்றும் 18 படிகளும்

மாயா என்றதும் அடர்ந்த காட்டினுள் சிதைந்து நிற்கும் கற்கோபுரங்களே பலர் நினைவுக்கு வரும். ஆனால் அவற்றை எழுப்பிய இனத்தார் மறைந்துவிடவில்லை. மெக்சிகோவுக்குத் தெற்கே உள்ள குவாத்தமாலா நாட்டின் மலைப்பகுதியில் அவர்கள் வழிவந்தோர் இன்றும் தம் மொழி பேசி, தம் கையால் நெய்த ஆடை உடுத்தி, முன்னோரை வணங்கி வாழ்கின்றனர்.

அம்மலைநாட்டின் நடுவே, கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,560 மீட்டர் உயரத்தில் விரிந்திருக்கிறது அதித்லான் ஏரி. பண்டைக்காலத்தில் எரிமலை வெடித்து உண்டான பெரும்பள்ளத்தில் நீர் நிறைந்து தோன்றிய இதன் ஆழம் 300 மீட்டருக்கும் அதிகம். தென்கரையில் அதித்லான், தோலிமான், சான் பெத்ரோ என்னும் மூன்று எரிமலைகள் காவல் நிற்கின்றன.

பனாஹாசெல் என்னும் ஊரின் துறையிலிருந்து படகேறிக் கரையோரக் கிராமங்களுக்குச் செல்லலாம். காலையில் கண்ணாடிபோல் அசைவற்றிருக்கும் நீர், நண்பகலுக்குப் பின் கொந்தளிக்கும். அப்போது எழும் காற்றுக்கு ஷோகோமில் என்று பெயர். கரையில் வாழ்வோரின் பாவங்களை அது வாரிச் சென்றுவிடும் என்பது அங்குள்ளோர் நம்பிக்கை. படகோட்டிகளோ அக்காற்றுக்கு அஞ்சிக் காலையிலேயே பயணத்தை முடிக்க விரும்புவர்.

சான் ஹுவான் கிராமத்தில் பெண்கள் தறியின் ஒரு முனையைத் தூணிலும் மறுமுனையைத் தம் இடுப்பிலும் கட்டி நெய்கின்றனர். நூலுக்குச் சாயம் தருவன இலை, பட்டை, பூ முதலியனவே. ஒவ்வோர் ஊருக்கும் தனி வண்ணமும் தனி வேலைப்பாடும் உண்டு. ஆடையைக் கொண்டே அணிந்தவரின் ஊரைச் சொல்லிவிடலாம்.

தென்கரையில் உள்ள சாந்தியாகோ அதித்லானில் மாஷிமோன் என்னும் மரத்தாலான தெய்வ உருவம் போற்றப்படுகிறது. இதற்குத் தனிக்கோயில் இல்லை. ஆண்டுக்கொரு முறை, வழிபாட்டுக் குழுவைச் சேர்ந்த ஒருவர் இல்லத்தில் எழுந்தருளுகிறது. மெழுகுவத்தி, சுருட்டு, மது ஆகியவை காணிக்கை. நமக்கு வியப்பளிக்கும் இவை, அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வந்த முறைமை. திருச்சபையார் சிலர் இவ்வழிபாட்டை ஒழிக்க முயன்றும், அது வீட்டுக்கு வீடு மாறி நிலைத்துவிட்டது.

இவ்வூர் பட்ட துயரம் பெரிது. 1960 முதல் 1996 வரை நீடித்த உள்நாட்டுப் போரில் மாண்டோருள் பெரும்பான்மையினர் மாயரே. 1990 டிசம்பர் 2 அன்று, படையினரின் கொடுமை தாளாத ஊர்மக்கள், வெள்ளைக் கொடி ஏந்திப் படைமுகாமுக்கு நடந்து சென்றனர். கையில் ஆயுதமில்லாத அவர்கள்மீது துப்பாக்கிகள் முழங்கின. பலர் உயிர்நீத்தனர். ஆயினும் ஊர் பின்வாங்கவில்லை. அம்மாதத்திலேயே படை அங்கிருந்து வெளியேற நேர்ந்தது. பின்னர் 2005 அக்டோபரில், புயல்மழையால் சரிந்த எரிமலைச் சேறு அருகிலுள்ள பனபாஹ் குடியிருப்பைப் புதைத்தது. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்.

இத்தனைக்கும் இடையே இம்மக்கள் எதைப் பற்றி நின்றனர் என்பதை அறிய, ஏரிக்கு வடக்கே உள்ள சிச்சிகாஸ்தெனாங்கோவுக்குச் செல்ல வேண்டும். வியாழனும் ஞாயிறும் அங்கே பெருஞ்சந்தை. விடியுமுன்பே மலைப்பாதைகளில் மூட்டை சுமந்து மக்கள் வந்து சேர்கின்றனர். சோளம், மிளகாய், கோழி, மட்பாண்டம், துணி என எல்லாம் அங்கே விலையாகும்.

சந்தையின் ஓரத்தில் நிற்கிறது 1540-ஆம் ஆண்டளவில் எழுந்த சாந்தோ தோமாஸ் தேவாலயம். பழைய மாயக் கோயில் மேடையின்மீதே அது கட்டப்பட்டது. அதற்கு ஏறும் படிகள் 18. மாயரின் ஆண்டுக் கணக்கில், மாதத்துக்கு 20 நாள் வீதம் மாதங்களும் 18; எஞ்சுவன 5 நாட்கள். மாதத்துக்கொரு படி என்று பெரியோர் கூறுவர். இவ்வூரிலேயே பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரான்சிஸ்கோ ஹிமேனெஸ் என்னும் பாதிரியார், உலகத்தோற்றம் கூறும் மாயரின் போப்போல் வூ நூலைப் படியெடுத்துக் காத்தார்.

படிகளில் பூக்காரப் பெண்கள் அமர்ந்திருக்க, முதியோர் துளையிட்ட தகரக் குவளையில் மரப்பிசினைப் புகைத்து, வீசியாட்டியபடி வேண்டுகின்றனர். புகை வாயிலை மூடுகிறது. உள்ளே தரையில் பூவிதழ்களுக்கிடையே வரிசையாக மெழுகுவத்திகள் எரிகின்றன. அவை மறைந்த முன்னோருக்கானவை. அங்கே படம் எடுக்கலாகாது. வெளியூர்ப் பயணிகள் பக்கவாயிலால் நுழைய வேண்டும். முன்படிகள் வேண்டுதலோடு வருவோருக்கே உரியவை.