செவிலிமேட்டு மாடியில் இஸ்ரேல் படங்கள்

29 நவம்பர் 2022, செவ்வாய்

கோவா சர்வதேசத் திரைப்பட விழா நேற்று முடிந்தது. போட்டிப் பிரிவின் நடுவர் குழுத் தலைவர் இஸ்ரேல் இயக்குநர் நதாவ் லபித். ‘சினானிம்ஸ்’ படத்துக்காக 2019இல் பெர்லினில் தங்கக் கரடி வாங்கியவர். ஒன்றிய அமைச்சர் இருந்த நிறைவு விழா மேடையிலேயே, ‘தி காஷ்மீர் ஃபைல்ஸ்’ போட்டிக்குள் வந்தது தங்களை அதிர வைத்தது, அது மலினமான பிரசாரம் என்று சொல்லிவிட்டார். இன்று இஸ்ரேல் தூதர் நாவோர் கிலோன், லபித்தைக் கண்டித்தும் இந்தியாவிடம் மன்னிப்புக் கேட்டும் பகிரங்கக் கடிதம் எழுதியிருக்கிறார்.

காஞ்சிபுரம் செவிலிமேட்டில், பாலாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் டீக்கடையில் காலையில் இதுதான் பேச்சு. “விருந்தாளியா வந்தவன் இப்படிப் பேசலாமா?” என்றார் ஒருவர். “கூப்பிட்டதே பார்த்துட்டுக் கருத்து சொல்லத்தானே?” என்றார் இன்னொருவர். நான் இரண்டாமவர் கட்சி. நடுவராக அழைத்துவிட்டு நல்ல வார்த்தை மட்டும் கேட்பது நியாயமில்லை. சொந்த நாட்டையே தன் படங்களில் உலுக்கி எடுக்கும் மனிதர் கோவாவில் மட்டும் வாயை மூடிக்கொள்வாரா?

தறியிலிருந்து எழுந்து டீ குடிக்க வந்திருந்த மாமா கேட்டார்: “அந்த ஊர்லகூட சினிமா எடுக்குறாங்களா? துப்பாக்கிதான செய்றாங்கன்னு நெனைச்சேன்.”

அவருக்குக் காட்ட வேண்டும்.

4 டிசம்பர், ஞாயிறு

என் வீட்டு மாடியில் நீளமான அறை ஒன்று இருக்கிறது. முன்பு அங்கே பட்டுநூல் காயப்போடுவோம். நண்பரிடம் ப்ரொஜெக்டர் இருக்கிறது. சுவரில் அப்பாவின் எட்டு முழ வேட்டியைக் கட்டினால் திரை. தெருவில் நெருங்கிப் பழகும் குடும்பங்களைத்தான் கூப்பிடுகிறேன், வீட்டு விசேஷத்துக்கு அழைப்பது போல. பொதுமண்டபத்தில் காட்டுவதென்றால் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். விழா என்றால் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் விலக்கு வேண்டும். திரைப்படச் சங்கங்கள் உறுப்பினர்களுக்கு மட்டும் காட்டுவதும் இதையொட்டித்தான். 1947இல் சத்யஜித் ராயும் நண்பர்களும் கல்கத்தாவில் தொடங்கிய சங்கமும் சென்னையில் அம்மு சுவாமிநாதன் நடத்திய சங்கமும் சிறிய வட்டமாகத்தான் ஆரம்பித்தன. 1959இல் இந்தச் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு கூட்டமைப்பானபோது ராய் அதன் தலைவர்.

எந்தப் படங்களைக் காட்டுவது? தூதரகங்கள் சேர்ந்து நடத்தும் ‘நாட்டு விழா’க்களுக்குக் கல்லூரிக் காலத்தில் சென்னையில் நிறையப் போயிருக்கிறேன். எந்த நாடானாலும் அழகான கடற்கரை, இதமான குடும்பக் கதை, முடிவில் தேநீர். இந்தியாவும் இஸ்ரேலும் முழுத் தூதரக உறவு வைத்துக்கொண்டது 1992 ஜனவரியில். தென்னிந்தியாவுக்கான அவர்களுடைய துணைத் தூதரகம் பெங்களூரில் இருக்கிறது. அவர்கள் பட்டியல் தந்தால் அது அவர்கள் காட்ட விரும்பும் முகமாக இருக்கும். அதில் குற்றமில்லை, அது அவர்கள் வேலை. என் தெருவுக்கு எது பேசும் என்று நான்தான் பார்க்க வேண்டும்.

இஸ்ரேல் படங்களில் என்னைப் பிடித்து நிறுத்துவது ஒரு விஷயம். அவற்றில் மிகச் சிறந்தவை தங்கள் ராணுவத்தை, தங்கள் மத நீதிமன்றத்தை, தங்கள் வீட்டு ஆண்களைக் கேள்வி கேட்பவை. பலவற்றுக்குப் பொதுப் பணமும் கிடைத்திருக்கிறது. ஆரி ஃபோல்மன் ‘வால்ட்ஸ் வித் பஷீர்’ எடுத்து, 1982 லெபனான் போரில் தான் சிப்பாயாக இருந்தபோது சப்ரா, ஷட்டிலா அகதி முகாம்களில் நடந்த படுகொலை ஏன் தன் நினைவிலிருந்து அழிந்துபோனது என்று தேடினார். சாமுவேல் மாவோஸின் ‘லெபனான்’ கிட்டத்தட்ட முழுக்க ஒரு டாங்கிக்குள்ளேயே நடக்கும். 2009இல் வெனிஸில் தங்கச் சிங்கம் வாங்கியது. அதே இயக்குநரின் ‘ஃபாக்ஸ்ட்ராட்’ 2017இல் வந்தபோது நாட்டின் பெயரைக் கெடுக்கிறது என்று அவர்களுடைய பண்பாட்டு அமைச்சர் மிரி ரெகேவே கடுமையாகத் தாக்கினார். கோவாவில் லபித்துக்கு நடந்தது அவர்களுக்குப் பழகிய சண்டைதான்.

போர்ப் படங்களை முதலில் காட்டப் போவதில்லை. துப்பாக்கி என்று மாமா ஏற்கெனவே முடிவு கட்டியிருக்கிறார்; அதையே காட்டி ஆரம்பிக்க எனக்கு மனமில்லை.

10 டிசம்பர், சனி

மாண்டஸ் புயல் நேற்றிரவு மாமல்லபுரம் பக்கம் கரை கடந்தது. விடிய விடிய மழை, காற்று. தெருவில் பாதி வீடுகளில் தறிக்குழியில் ஊற்றெடுத்துவிட்டது. பாவு ஈரத்தில் தொய்ந்து கிடக்கிறது. இரண்டு மூன்று நாளைக்குத் தறி ஓடாது. ஓடாத நாளுக்குக் கூலி கிடையாது. இதை எழுதும்போதே சங்கடமாக இருக்கிறது, ஏனென்றால் நெசவாளர் சங்கத்தில் கணக்கு எழுதும் எனக்குச் சம்பளம் நிற்காது.

“சும்மாத்தான் உக்காந்திருக்கோம், நாளைக்கே போடு தம்பி” என்றார் மாமா. கரண்ட் வந்தால் நாளை மாலை.

11 டிசம்பர், ஞாயிறு

கரண்ட் வந்தது. ‘தி பேண்ட்ஸ் விசிட்’, 2007, எரான் கோலிரின்.

எகிப்தின் அலெக்சாண்டிரியா போலீஸ் வாத்தியக் குழு இஸ்ரேலுக்கு வாசிக்க வருகிறது. ஊர்ப் பெயர் காதில் குழம்பி, வேறொரு பாலைவனச் சிற்றூரில் இறங்கிவிடுகிறது. மறுநாள் வரை பேருந்து கிடையாது. சாப்பாட்டுக்கடை நடத்தும் தினா அவர்களுக்குச் சோறு போட்டு, படுக்க இடம் பிடித்துத் தருகிறாள். அவ்வளவுதான் கதை. இரண்டு நாடுகளும் போர்கள் நடத்தியவை. அதைப் பற்றி யாரும் ஒரு வசனம்கூடப் பேசுவதில்லை.

வசனத்தை நான் உடனுக்குடன் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பேசாப் படக் காலத்தில் நம் கொட்டகைகளில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்ல ஓர் ஆள் இருந்தார்; அந்த வேலை எவ்வளவு கடினம் என்று தொண்டை சொல்கிறது. முதல் கால் மணி நேரம் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அப்புறம் மறந்துவிட்டார்கள்.

ஓரிடத்தில் தினா சொல்வாள்: அவள் சிறுமியாக இருந்தபோது வெள்ளிக்கிழமை மதியம் இஸ்ரேல் தொலைக்காட்சியில் எகிப்தியப் படம் போடுவார்களாம், ஒமர் ஷெரீப் படங்கள், தெருவே வெறிச்சோடிவிடுமாம். அறையில் சட்டென்று ஒரு சலசலப்பு. “நம்ம ஒளியும் ஒலியும்!” என்றார் எதிர்வீட்டு அக்கா. தூர்தர்ஷனின் அந்தப் பாட்டு நிகழ்ச்சியும் வெள்ளிக்கிழமைதான். எங்கள் தெருவில் ஒரே வீட்டில் டிவி இருந்த காலத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு பார்த்த தலைமுறை அது.

படம் முடிந்ததும் முதலில் பேசியது பின்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஆயா. “நம்ம உடையவர்கூடக் காட்டுல வழி தெரியாமத்தான நின்னாரு” என்றாள். உடையவர் என்றால் ராமானுஜர். அவர் கதையில் வரும் சாலைக் கிணறு எங்கள் செவிலிமேட்டுப் பக்கம்தான். விந்திய மலைக் காட்டில் தனித்து விடப்பட்ட ராமானுஜரை வேடனும் வேடுவச்சியுமாக வந்து பெருமாளும் தாயாரும் அழைத்துவந்தார்கள், அந்த அம்மாளுக்குத் தாகம் என்று அவர் இந்தக் கிணற்றில் நீர் மொண்டு கொடுத்தார், திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம், எதிரே காஞ்சிக் கோபுரம் தெரிந்தது என்பது ஊரறிந்த கதை. யார் வீட்டு ஆள் என்று கேட்காமல் தண்ணீர் கொடுப்பதுதான் ஆயாவுக்குப் படம். நான் படித்த எந்த விமர்சனமும் அந்தப் படத்தை இவ்வளவு நெருங்கியதில்லை.

வசனத்தில் பாதிக்கு மேல் ஆங்கிலம் என்று சொல்லி ஆஸ்கரின் அயல்மொழிப் பிரிவில் இந்தப் படத்தைச் சேர்க்கவில்லை என்று சொன்னேன். இரு தரப்புக்கும் பொதுவாகத் தெரிந்தது அரைகுறை ஆங்கிலம்தான், வேறெதில் பேசுவார்கள் என்று பாலிடெக்னிக் படிக்கும் பையன் கோபப்பட்டான். தினாவாக நடித்த ரோனித் எல்கபெட்ஸ் 2016இல் புற்றுநோயில் இறந்துவிட்டார் என்றதும் பெண்கள் பக்கம் “ஐயோ” என்றது. ஒரு மாலைப் பழக்கம்தான்.

18 டிசம்பர், ஞாயிறு

ராத்திரி உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டம் என்பதால் படத்தை மதியத்துக்கு மாற்றினோம். ‘லெமன் ட்ரீ’, 2008, எரான் ரிக்லிஸ். அவரோடு சேர்ந்து திரைக்கதை எழுதிய சுஹா அர்ராஃப் பாலஸ்தீனப் பெண். சல்மாவாக நடித்தவர் ஹியாம் அப்பாஸ்.

மேற்குக் கரையில் விதவை சல்மா அப்பா விட்டுப்போன எலுமிச்சைத் தோப்பை வைத்துப் பிழைக்கிறாள். எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம், தோப்பை ஒட்டி, இஸ்ரேல் பாதுகாப்பு அமைச்சர் குடிவருகிறார். மரங்களின் மறைவில் தீவிரவாதி வரலாம், வெட்ட வேண்டும் என்கிறது பாதுகாப்புப் படை. இழப்பீடு தருகிறோம் என்கிறார்கள். அவள் வாங்காமல் உச்ச நீதிமன்றம் வரை போகிறாள்.

இந்தப் படத்துக்கு நான் வேண்டுமென்றே ஒருவரைச் சேர்த்துக் கூப்பிட்டிருந்தேன்: பரந்தூர்ப் பக்கம் வாக்கப்பட்ட, எங்கள் தெருப் பெண். புதிய விமான நிலையம் அங்கேதான் என்று ஆகஸ்டில் அறிவித்ததிலிருந்து ஏகனாபுரத்தில் மாலைதோறும் ஜனங்கள் கூடிப் போராடுகிறார்கள். ஏரியும் வயலுமான பூமி. சந்தை மதிப்பைவிடக் கூடுதலாகத் தருகிறோம் என்கிறது அரசு. பரந்தூரும் பாலஸ்தீனமும் ஒன்றில்லை. அங்கே ராணுவ ஆக்கிரமிப்பு, இங்கே சொந்த அரசின் திட்டம். அதைப் படத்துக்கு முன்னாலேயே சொன்னேன். ஆனால் சல்மா வக்கீலிடம் ‘அது என் மரம்’ என்கிற பாவனையில் நின்றபோது அந்தப் பெண் அழுதாள். அழுகையை யாரும் அடக்கச் சொல்லவில்லை.

தீர்ப்பு வந்தது. எல்லா மரத்தையும் வேரோடு பிடுங்க வேண்டாம், ஒரு பகுதியைத் தரைக்கு மேல் கொஞ்சம் விட்டு வெட்டிவிடலாம். அறையில் ஒரே கொந்தளிப்பு. மாமா எழுந்தே நின்றுவிட்டார். “பாவை நடுவுல அறுத்துட்டு, தறி உனக்குத்தான் வெச்சுக்கோன்னு சொல்ற மாதிரி இருக்கு. இதுக்குப் பேரு தீர்ப்பா?”

இதை எடுத்தவர் இஸ்ரேலியர் என்பதைப் பலரால் நம்ப முடியவில்லை. அமைச்சர் மனைவி ஜன்னல் வழியாகச் சல்மாவைப் பார்த்துக்கொண்டே இருப்பதைப் பற்றி மட்டும் அரை மணி நேரம் பேசினோம். அவள் நல்லவள்தான், ஆனால் என்ன செய்தாள் என்பது பெண்களின் கேள்வி. பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு தொடக்கம்தான் என்றேன் நான். யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது யோசித்தாலும் நான் சொன்னது சரி என்றே படுகிறது.

21 டிசம்பர், புதன்

சென்னைச் சர்வதேசத் திரைப்பட விழா நாளை முடிகிறது, 20ஆவது ஆண்டு. இண்டோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன் நடத்துகிறது. லீவு போட்டுப் போய்வந்தேன். இருட்டறையில் முன்பின் தெரியாதவர்களோடு நல்ல படம் பார்க்கும் சந்தோஷத்துக்கு ஈடில்லை. ஆனாலும் கூட்டத்தில் கைவேலைக்காரர் எத்தனை பேர் என்று தேடாமல் இருக்க முடியவில்லை. காஞ்சிபுரத்திலிருந்து எழுபது கிலோமீட்டருக்கு மேல், பேருந்துச் செலவு, போகும் நாளின் கூலி இழப்பு. விழாக்கள் சிற்றூருக்கு நடந்து வர வேண்டும். முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத் (தமுஎகச) தோழர்கள் சின்ன ஊர்களில் உலகப் பட விழாக்களை ஆண்டுக்கணக்காக நடத்தியிருக்கிறார்கள். கோவையில் கோணங்கள் அமைப்பு இருக்கிறது. வழி புதிதில்லை.

1 ஜனவரி 2023, ஞாயிறு

நாளை வைகுண்ட ஏகாதசி. அதனால் ஆண்கள் கூட்டம் குறைவு. நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் இன்று ‘கெட்’, 2014. ரோனித் எல்கபெட்ஸும் தம்பி ஷ்லோமியும் சேர்ந்து எடுத்தது, நாயகியும் அவரே.

இஸ்ரேலில் யூதர்களின் திருமணமும் மணவிலக்கும் மத நீதிமன்றத்தின் கையில். கணவன் மனமுவந்து ‘கெட்’ என்னும் விலக்குப் பத்திரம் தராவிட்டால் பெண் விடுபட முடியாது. விவியான் ஐந்து வருடம் அலைகிறாள். படம் முழுக்க அந்த நீதிமன்ற அறையும் வெளியே காத்திருக்கும் இடமும்தான். கணவன் அடிப்பவனில்லை, குடிப்பவனில்லை. அதனால்தான் நீதிபதிகளுக்கு அவள் கேட்பது புரியவில்லை.

எங்கள் பெண்கள் சாய்ந்துகூட உட்காரவில்லை. இங்கே சட்டத்தில் பரஸ்பர சம்மத விலக்கு 1976இலேயே வந்துவிட்டது. ஆனால் கோர்ட்டுக்குப் போவதற்கு முன் பெரியவர்கள் கூடத்தில் நடக்கும் பேச்சுவார்த்தையை அனுபவித்தவர்கள் அந்த அறையிலேயே இருந்தார்கள். சாட்சிக்கு வரும் பக்கத்து வீட்டுக்காரி, புருஷன் எதிரில் ஒன்றும் இல்லாதபோது ஒன்றும் பேசும் காட்சியில் ஒருத்தி இன்னொருத்தி கையைப் பிடித்துக்கொண்டாள். விவியான் தலைமுடியை அவிழ்த்துவிடுகிறாள், நீதிபதி கத்துகிறார். “முடியத்தான அவுத்தா!” என்றது ஒரு குரல்.

2015இல் மத நீதிபதிகளின் ஆண்டு மாநாட்டிலேயே இந்தப் படத்தைப் போட்டுக்காட்ட முடிவானது என்று செய்தி வந்ததைச் சொன்னேன். “பாத்துட்டு மாறுனாங்களா?” என்றாள் எதிர்வீட்டு அக்கா. சட்டம் மாறவில்லை என்றேன்.

8 ஜனவரி, ஞாயிறு

இன்று ‘5 புரோக்கன் கேமராஸ்’. மேற்குக் கரையின் பிலின் கிராமத்துப் பாலஸ்தீன விவசாயி எமாத் புர்னாத் 2005இல் நான்காவது மகன் பிறந்தபோது கேமரா வாங்கி, இஸ்ரேலின் தடுப்புச் சுவருக்கு எதிரான போராட்டத்தைப் பல வருடம் எடுத்த ஆவணப்படம். ஒவ்வொரு கேமராவாக உடைகிறது. இஸ்ரேலியரான கை டேவிடி இணை இயக்குநர். ஆஸ்கர் பரிந்துரை வந்தபோது இது எந்த நாட்டுப் படம் என்றே வாக்குவாதம் நடந்தது. இஸ்ரேல் படங்களின் வரிசையை இந்தப் படம் இல்லாமல் முடிக்க எனக்கு மனசாட்சி இடம் தரவில்லை. அவர்கள் தங்களைப் பற்றிச் சொன்னதைக் கேட்டோம். சுவருக்கு அந்தப் பக்கத்தவர் தாமே பிடித்த கேமராவையும் பார்க்க வேண்டும்.

பேச்சு நீண்டது. பிரியதர்ஷனின் ‘காஞ்சிவரம்’ போடலாமே, நம்மைப் பற்றி எடுத்து, 2007க்கான தேசிய விருது வாங்கிய படமாயிற்றே என்றான் பாலிடெக்னிக் பையன். மாமாவுக்கு அதில் உடன்பாடு இல்லை. அவரைப் பொறுத்தவரை, தறியைப் பற்றித் தறிக்காரன் எடுத்த படம் இன்னும் வரவில்லை. “நீ எடு, நான் உக்காந்து நெய்து காட்டுறேன்” என்று பையனிடம் சொன்னார். அவன் சிரிக்கவில்லை, குழிக்குள் வெளிச்சம் எப்படி விழும், எந்த நேரத்தில் வரட்டும் என்று விசாரித்தான்.

பெண்கள் ‘கெட்’டுக்கு முந்தைய இரண்டு பாகங்களையும் கேட்கிறார்கள்: ‘டு டேக் எ வைஃப்’, ‘ஷிவா’. ஒரு நிபந்தனை. இனிமேல் ராத்திரிக் காட்சி கூடாது. ராத்திரி என்றால் அடுத்த தெருக்காரிகளை வீட்டில் விடமாட்டார்கள். ஞாயிறு மூன்று மணிக்கு ஆரம்பித்து, விளக்கு வைக்கும் நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். மாடி அறையில் மதிய வெயில் மேற்கு ஜன்னல் வழியாக நேரே சுவரில் அடிக்கும். நாளை கறுப்புத் துணி வாங்க வேண்டும்.