பதினொரு பேர்

நாலு பேர் சேர்ந்தால் ஒரு சீட்டாட்டம் சண்டையில்லாமல் முடிவதில்லை. பத்துப் பதினொரு பேர் பன்னிரண்டு வருஷம் ஒன்றாகக் கச்சேரி செய்தார்கள் என்றால் அதிசயந்தானே! இங்கிலாந்தின் 'பெல்லோஹெட்' கோஷ்டியைச் சொல்கிறேன். 2004-ல் ஆரம்பித்து, அந்நாட்டுப் பழைய நாடோடிப் பாட்டுக்களுக்குப் பிடிலும் பித்தளைக் குழல்களும் முழங்கக் கல்யாணக் களை ஏற்றியவர்கள். 2015-ல் பாடகர் ஜான் போடன் விலகுவதாகச் சொன்னார். மற்றவர்கள் வேறு பாடகரைத் தேடவில்லை. 2016 மே 1-ந் தேதி ஆக்ஸ்போர்டில் கடைசிக் கச்சேரி செய்து கடையைக் கட்டிவிட்டார்கள். எனக்கு அந்த ரோஷம் பிடித்திருந்தது.

2022 நவம்பரில் போடனோடு மறுபடி சேர்ந்து ஊர் ஊராகப் பாட ஏற்பாடு. செப்டம்பரில் பால் சார்ட்டின் காலமானார். சீவாளி வைத்து ஊதும் ஓபோ அவருடைய வாத்தியம், பிடிலும் வாசிப்பார். ஆனாலும் கச்சேரிகள் நடந்தன. அன்று ஒருவர் போனதற்கு நிறுத்தியவர்கள் இன்று ஏன் நிறுத்தவில்லை என்று கேட்பீர்கள். போடன் தாமாக விலகினார். சார்ட்டின் அப்படியா போனார்?