வாத்தியார்களின் சீனியாரிட்டி கணக்கு

அரசுப் பள்ளி ஆசிரியர் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கை நிறைய சம்பளமும் கோடை விடுமுறையும்தான். ஆனால் எந்தப் பள்ளியின் ஆசிரியர் அறையிலும் அடிக்கடி காதில் விழும் வார்த்தை "சீனியாரிட்டி". யார் முன்னால், யார் பின்னால், பேனலில் பெயர் வந்துவிட்டதா... இதே பேச்சுதான்.

தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளிக்கு வேலைக்கு வரும் இடைநிலை ஆசிரியர் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியராகப் போகலாம். டிகிரியும் பி.எட்.டும் இருந்தால் பட்டதாரி ஆசிரியராகலாம். எல்லாம் வரிசைப்படி, முதலில் வந்தவர் முதலில் போவார். (காமர்ஸ் மாணவர்களுக்கு: அதேதான், சரக்குக் கணக்கில் வரும் ஃபிஃபோ!)

அப்படியானால் திறமைக்கு என்ன மதிப்பு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நன்றாகப் பாடம் நடத்துகிறவரும் நாற்காலியைத் தேய்க்கிறவரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். ஆனால் இந்த முறைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. பணியில் சேர்ந்த தேதியை யார் வேண்டுமானாலும் சரிபார்த்துவிடலாம், சிபாரிசுக் கடிதத்தால் அதை மாற்ற முடியாது. திறமையை யார் அளப்பது, எதை வைத்து அளப்பது என்று ஆரம்பித்தால் மேலதிகாரியின் தயவில் வந்து நிற்கும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த வரிசை எந்த ஊர் வரிசை?

நீண்ட காலம் தொடக்கக் கல்வித் துறையில் ஒன்றிய அளவில்தான் முன்னுரிமை பார்த்தார்கள். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த இருவரில், காலியிடம் அதிகமுள்ள ஒன்றியத்தில் இருப்பவர் சீக்கிரம் தலைமையாசிரியர் ஆகிவிடுவார். பக்கத்து ஒன்றியத்துக்காரர் காத்துக்கொண்டே இருப்பார். இதில் இன்னொரு விதியும் உண்டு. சொந்த விருப்பத்தில் வேறு ஒன்றியத்துக்கு மாறுதல் வாங்கினால் அங்கே கடைசி ஆள். இதற்குப் பயந்தே, கணவர் ஒரு ஊர், பிள்ளைகள் ஒரு ஊர் என்று இருந்தாலும் மாறுதல் கேட்காமல் ஒரே ஒன்றியத்தில் ஆண்டுக்கணக்கில் இருந்துவிட்டவர்கள் உண்டு. மாறிப் போனவர்கள் பதவி உயர்வு போனாலும் போகட்டும், குடும்பம் முக்கியம் என்று போனார்கள். இரண்டு பேருமே விதியைப் பார்த்துத்தான் முடிவெடுத்தார்கள்.

2023 டிசம்பரில் அரசாணை 243 வந்தது. இனி மாநில அளவில் ஒரே முன்னுரிமை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. மாறிப் போனவர்கள் இழந்த இடம் திரும்பக் கிடைக்கும். ஆனால் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள அங்கேயே இருந்தவர் பட்ட கஷ்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? பதவி உயர்வு வந்தாலும் அது வேறு மாவட்டத்தில் வந்தால், ஐம்பது வயதுக்கு மேல் ஒரு டீச்சர் தனியாக வீடு பிடித்துப் போவாரா, வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பாரா?

ஊதியக் கணக்கிலும் இதே கதை. ஆறாவது ஊதியக் குழுவின்போது ஏற்கெனவே பணியில் இருந்த இடைநிலை ஆசிரியருக்குப் பழைய ஆரம்பச் சம்பளம் 4,500-ஐ 1.86-ஆல் பெருக்கி 8,370 ரூபாய் அடிப்படை ஊதியம். 2009 ஜூன் 1-க்குப் பிறகு சேர்ந்தவருக்கு 5,200. ஒரே பாடம், ஒரே வகுப்பு, 3,170 ரூபாய் வித்தியாசம்! அகவிலைப்படியும் ஆண்டு ஊதிய உயர்வும் அடிப்படை ஊதியத்தின் மேல்தானே வரும்? இடைவெளி தானாகவே வளரும்.

கடைசியாக வந்தது டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வு. 2010-ல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் 2012 ஜூலையில் நடந்த முதல் தேர்வை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதி 2,448 பேர்தான் தேறினார்கள். நேரம் போதவில்லை என்று ஒன்றரை மணி நேரத்தை மூன்று மணி நேரமாக்கி மறுபடி நடத்தினார்கள். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், டெட் வருவதற்கு முன்பே பணியில் சேர்ந்தவர்களும் இரண்டு ஆண்டுக்குள் தேற வேண்டும் என்றது. ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கும் குறைவாக இருப்பவர்கள் எழுதாமலே வேலையில் தொடரலாம், ஆனால் பதவி உயர்வு கிடையாது.

பிள்ளைகளுக்குத் தகுதியான ஆசிரியர் வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பு இருக்க முடியாது. ஆனால் இருபது வருஷம் வரிசையில் நின்றவர் ஜன்னலுக்கு அருகில் வந்ததும், "இது வேறு வரிசை சார், அந்தப் பக்கம் போங்க" என்றால் எப்படி இருக்கும்? விதியை மாற்றட்டும். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லி மாற்றட்டும். ஏற்கெனவே நிற்கிறவர்களுக்குத் தேர்வுதான் வேண்டும் என்றால், பள்ளி நேரத்திலேயே பயிற்சியும் எழுதிப் பார்க்கப் போதுமான வாய்ப்புகளும் கொடுத்து, அதுவரை பேனலில் அவர்கள் பெயர் இருந்த இடத்திலேயே இருக்க விடலாம்.