ம-வுக்குச் சிவப்பு

ஜூன் 9, 2025, திங்கள்

அக்கா எழுதிய கதை, பக்கம் அமைக்க என்னிடம் வந்துவிட்டது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, 24 பக்கம். ம-வரிசை உயிர்மெய் எங்கே வந்தாலும் சிவப்பாக இருக்க வேண்டுமாம். ஒவ்வொன்றாகத் தேடி நிறம் போட்டால், அவர் ஒரு வரி திருத்தினாலும் மறுபடி தேட வேண்டும். பக்க அமைப்பு மென்பொருளின் பத்தி ஸ்டைலுக்குள் கிரெப் விதி (குறிப்பிட்ட எழுத்துக் கோலத்தைத் தேடிப் பிடிக்கும் விதி) வைத்தால் நிறம் தானே ஏறும். 'ம' என்று மட்டும் விதி எழுதினேன். மயில், மணல் சரியாக வந்தன. மேகத்தில் ம மட்டும் சிவந்தது. இரட்டைக்கொம்பு பிய்ந்துபோய், புள்ளி வட்டத்தோடு பின்னால் நின்றது.

ஜூன் 10, செவ்வாய்

பிள்ளைக்கு மே ஒரே எழுத்து. யூனிகோடில் ம முதலில், கொம்பு அடுத்து என்று இரண்டு குறிகள். கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டுவது ஃபாண்டும் மென்பொருளும் சேர்ந்து செய்யும் வேலை; இடையில் நிறம் மாறியதும் அந்தச் சேர்க்கை அறுந்துவிட்டது. மு இன்னும் சிக்கல், அதில் உகரம் ம-வின் உடம்போடே ஒட்டியது. விதியை ம[ா-்]? என்று மாற்றினேன்: ம, பின்னால் குறி இருந்தால் அதுவும். மேகமும் முயலும் முழுசாகச் சிவந்தன.

மாம்பழத்தில் ம் இரண்டும் சிவந்துவிட்டன. "தம்பி, அது மெய்யெழுத்து. கறுப்பாவே விடு" என்றார் அக்கா. குறிகளின் பட்டியலிலிருந்து புள்ளியை எடுத்தேன். உடம்பு சிவப்பு, தலையில் கறுப்புப் புள்ளி! 'பின்னால் புள்ளி வந்தால் ம-வைத் தொடாதே' என்றே சொல்ல வேண்டியிருந்தது: ம(?!்)[ா-ௌ]?

ஜூன் 12, வியாழன்

புரூஃப். 17-ஆம் பக்கத்து மொட்டில் துணைக்கால் மட்டும் கறுப்பு. மற்ற பக்கங்களில் மொ நன்றாக இருக்கிறதே என்று அரைமணி நேரம் குழம்பினேன். அந்தப் பக்கத்தை வேறு விசைப்பலகையில் தட்டியிருக்கிறார்கள். அங்கே ஒகரக்குறி ஒரே குறியாக இல்லை. கொம்பும் காலும் தனித்தனி. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். விதியின் கடைசியில் இருந்த கேள்விக்குறியை எடுத்து நட்சத்திரக்குறி போட்டேன், எத்தனை குறி வந்தாலும் பிடிக்கட்டும்.

ஜூன் 16, திங்கள்

அச்சகத்தில் சோதனைத் தாள். சிவப்பு என்றால் மெஜந்தாவின் மேல் மஞ்சள். இரண்டும் இம்மி விலகினாலும் மெல்லிய கோட்டில் ஓரம் பிசிறடிக்கிறது. மு-வின் வாலில் அப்படித்தான் தெரிந்தது. தடித்த ஃபாண்டுக்கு மாற்றினேன். இரண்டு பக்கங்களில் வரி நீண்டது, படத்தைச் சற்றுச் சுருக்கினேன்.

மாலையில் பக்கத்து வீட்டுச் சின்னவளிடம் தாளைக் கொடுத்தேன். மாம்பழத்தின் முதல் எழுத்தில் விரலை வைத்து "மா" என்றாள். ம்-ஐத் தாண்டி, அடுத்த வரியில் சிவப்பைத் தேடிப் போனாள்.