பத்து வயதில் நிற்கும் ஆட்டம்

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலகச் செஸ் சம்பியனான மறுநாள், தேத்தண்ணிக் கடையில் எல்லோரும் அந்தப் பெடியனைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தோம். நண்பர் ஒருவர் மட்டும், "வெண்டவனைப் பற்றி எல்லாரும் எழுதுவினம். பழக்கிறவனைப் பற்றி ஆர் எழுதுறது? ஊர்காத்துறையில ஒரு கணக்கு வாத்தியார் சனிக்கிழமையில செஸ் பழக்கிறார். போய்ப் பாரும்" என்றார்.

பண்ணைப் பாலம் தாண்டி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை வழியாக பஸ் போய்ச் சேர்ந்தபோது வகுப்பு தொடங்கிவிட்டது. சனசமூக நிலையத்தில் ஒரே அறை. பேப்பர் வாசிக்கிற மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, பாயில் பிள்ளைகள். வாத்தியார் ஒரு மூலையில் இருந்து செஸ் மணிக்கூட்டின் பின்பக்கத்தைத் திறந்து, பற்றரி தொடுகிற தகட்டைப் பழைய சவர பிளேட்டால் சுரண்டிக்கொண்டிருந்தார். "உப்புக் காத்து. மாசத்துக்கு ஒருக்கால் களிம்பு பிடிச்சிடும்" என்றார். உள்ளது அந்த ஒரு மணிக்கூடுதான். அதனால் பிள்ளைகள் முறை வைத்து நேரம் பார்த்து ஆடுகிறார்கள். மற்றவர்களுக்கு நேரக் கணக்கில்லை. கொழும்புக்குப் போட்டிக்குப் போனால் அங்கேதான் அடி விழுகிறது. காய் தெரிகிறது, நேரம் தெரியவில்லை.

ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்களை அவர் நெடுநேரம் விளக்கினார். எனக்கு ஏறவில்லை, விட்டுவிடுகிறேன். ஏறியது அடுத்தது. பலகையில் சில காய்களை மட்டும் வைத்து, "கையை மடியில வை. காயைத் தொடாமல் சொல்லு" என்றார்.

ஒரு பெடியன் உடனே, "குதிரையை அங்க வைச்சால் இராசாவுக்குச் செக், கோட்டைக்கும் குறி" என்றான்.

"பிறகு?"

"இராசா விலகும். நான் கோட்டையை வெட்டுவன்."

"வெட்டின குதிரை எங்க நிக்கும்?"

"மூலையில."

"திரும்பி வர வழி இருக்கோ?"

பெடியன் வாயை மூடிக்கொண்டு பலகையைப் பார்த்தான். வாத்தியாரும் ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தார். அப்படிக் காத்திருப்பதுதான் பழக்குவதில் கடினமான பகுதியாம்.

இதை எங்கே பழகினீர்கள் என்று கேட்டேன். ரொறன்ரோவிலிருந்து மருமகன் அனுப்பிய தடித்த புத்தகமொன்றை எடுத்து வந்தார். ஆர். பி. ரமேஷ் 2022இல் வெளியிட்ட 'இம்ப்ரூவ் யுவர் செஸ் கால்குலேஷன்'. காயை நகர்த்தாமல், மனதுக்குள்ளேயே கிளை கிளையாகக் கணக்குப் போட்டு முடிவுவரை போவதற்கான பயிற்சி நூல். ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு.

அதற்குப் பிறகு எங்கள் பேச்சு முழுவதும் ரமேஷ்தான். 1976இல் பிறந்த சென்னைக்காரர். ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரான காலத்தில், ஏறக்குறையப் பன்னிரண்டு வயதில்தான், செஸ்ஸுக்கு வந்தார். 2002இல் பிரித்தானியச் சம்பியன், அடுத்த ஆண்டு கிராண்ட்மாஸ்டர், 2007இல் பொதுநலவாயச் சம்பியன். இன்னும் பல வருடம் ஆடியிருக்கலாம். 2008இல், 32 வயதில், போட்டி ஆட்டத்தை விட்டுவிட்டுப் பழக்க இறங்கினார். 1999இல் 18 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலகப் பட்டத்தை வென்ற அவருடைய மனைவி ஆர்த்தி ராமசாமியும் கூட நிற்க, சென்னையில் 'செஸ் குருகுலம்' உருவானது.

அங்கே பழகியவர்களில் மூன்று வயதில் தகப்பனை இழந்த மதுரைக்காரர் அரவிந்த் சிதம்பரம் ஒருவர். கார்த்திகேயன் முரளி இன்னொருவர். வைஷாலியும் பிரக்ஞானந்தாவும் அங்கே வளர்ந்தவர்கள். 2023 டிசம்பரில் வைஷாலியும் பட்டம் பெற, அக்காவும் தம்பியும் கிராண்ட்மாஸ்டர் ஆனது உலகில் அதுவே முதல் தடவை. 2014 ஒலிம்பியாட்டில் வெண்கலம் வென்ற இந்திய அணிக்கும், 2022இல் மாமல்லபுரத்தில் வெண்கலம் வென்ற இந்திய 'பி' அணிக்கும் ரமேஷ்தான் பயிற்றுநர். 2024 ஜனவரியில் துரோணாச்சாரியார் விருது கொடுத்தார்கள்.

பிரக்ஞானந்தா சர்வதேச மாஸ்டரானபோது வயது பத்து வருடமும் பத்து மாதமும். இதைச் சொன்னதும் வாத்தியார் சிரித்தார். "என்னட்ட வாறதுகள் எட்டு, ஒன்பது வயதில வருங்கள். பத்தில ஸ்கொலசிப் சோதினை. தாய்மார் கூட்டிக்கொண்டு போயிடுவினம். சிலதுகள் ஆறாம் ஆண்டில திரும்பி வருங்கள். அதுக்கிடையில கணக்குப் போடுற பழக்கம் போயிடும்."

சோதினையைத் தாண்டினாலும் கடல் இருக்கிறது. நெடுந்தீவிலிருந்து ஒரு பிள்ளை போட்டிக்கு வருவதென்றால், குறிகட்டுவானுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் போட், பிறகு பஸ். கொழும்புப் போட்டி என்றால் கூட வரும் தகப்பனுக்கு நாட்கூலி போச்சு. அதற்கும் மேலே போனால் கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கான விதி வேறு. 2500 புள்ளி வேண்டும். அதோடு போட்டிகளில் 'நோர்ம்' என்கிற தகுதிப் பெறுபேறுகளும் வேண்டும். 9 ஆட்டமுள்ள போட்டியில் அந்தத் தகுதியைப் பெறக் குறைந்தது 3 கிராண்ட்மாஸ்டர்களோடு மோத வேண்டும். இலங்கைக்கு இன்னும் சொந்தமாக ஒரு கிராண்ட்மாஸ்டரும் இல்லை. ஆகவே விமானம் ஏறித்தான் அவர்களைத் தேட வேண்டும். நடுவில் நிற்பவர்களுக்கு இது நல்ல வியாபாரம். கிராண்ட்மாஸ்டர்களைக் காசு கொடுத்து வரவழைத்து, அந்தக் காசைப் பட்டம் தேடும் பிள்ளைகளின் நுழைவுக் கட்டணத்தில் கறக்கும் போட்டிகள் உலகெங்கும் நடக்கின்றன. கீழ்மட்டத்தில், மூன்று மாத வகுப்புக்கு ஒரு சான்றிதழும் கேடயமும் விற்கிறவர்கள். பிள்ளை தோற்ற ஆட்டத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்து, "இதை ஏன் வைச்சனீ?" என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை.

அதைக் கேட்கக் கிராண்ட்மாஸ்டர்தான் வேண்டுமென்றில்லை. இலங்கையில் பிறந்த சுனில் வீரமந்திரி ஒரு ஃபிடே மாஸ்டர்தான். அமெரிக்காவில் அவரிடம் வளர்ந்த வளர்ப்பு மகன் ஹிகாரு நகமுரா உலகின் முன்னணி ஆட்டக்காரர்களில் ஒருவர்.

வெளிக்கிடும்போது கட்டணம் எவ்வளவு என்று கேட்டேன். செஸ்ஸுக்கு ஒன்றும் வாங்குவதில்லையாம். அதே வாத்தியாரிடம் அதே பிள்ளைகள் கிழமை நாட்களில் கணக்கு ரியூசனுக்கு வருகிறார்கள். அதற்குக் காசு தவறாமல் வருகிறது. ஊரில் எல்லோரும் அவரைச் சேவையாளர் என்று புகழ்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. ரமேஷ் ஆட்டத்தை விட்டுவிட்டுப் பழக்க வந்தார் என்றால், அது அவருக்குத் தொழிலாகவும் இருந்தது. அந்தச் சோற்றின் மேல்தான் இத்தனை சம்பியன்கள் எழுந்தார்கள். சேவை ஒரு ஆளோடு முடிந்துவிடும்.

உங்களுக்குப் பிறகு ஆர் என்று கேட்டேன்.

"சம்பளமில்லாத வேலைக்கு ஆர் விண்ணப்பம் போடுவினம்?" என்றார் வாத்தியார்.