நாள் முழுக்கக் கூட வரும் குரல்

பார்வை போய்விட்ட ஒருவருக்குப் புதிதாகக் கைப்பேசி வாங்கிக் கொடுக்கும் வீட்டில் அநேகமாக ஒரே காட்சிதான். மகன் அமைப்புகளைத் திறந்து, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் என்னும் திரைவாசிப்பானை ஓட விடுவார். மருமகளும் பேரப்பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். ஒவ்வொரு குரலாக ஒலிக்கும். "இது ரோபோ மாதிரி இருக்கு, வேண்டாம்." "இது நியூஸ் வாசிக்கிற அம்மா மாதிரி இருக்கு, இதையே வைப்பா." ஐந்து நிமிடத்தில் தீர்ப்பாகிவிடும். அந்தக் குரலோடு காலை முதல் இரவு வரை இருக்கப்போகிறவர் சோபாவின் ஓரத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார். கேட்டாலும், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, உங்களுக்குப் பிடிச்சதை வையுங்க" என்பார். பிள்ளைகளுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்ற நினைப்பு அவருக்கு.

பெண் பார்க்கப் போன இடத்தில் ஒரு பாட்டுப் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சம்பந்தம் பேசி முடித்த காலம் உண்டு. குரல் மாதிரியை ஒரு வரி கேட்டு முடிவுசெய்வதும் அதே கதைதான். ஒரு வரிக்கு எந்தக் குரலும் இனிக்கும். அதே குரல் மின்கட்டணக் குறுஞ்செய்தியையும், வங்கிப் படிவத்தையும், மருத்துவ அறிக்கையையும், நாற்பது பேர் "காலை வணக்கம்" போட்ட வாட்ஸ்அப் குழுவையும் வாசிக்கும்போது எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி.

நான் பிறவியிலேயே பார்வையில்லாதவன். கல்லூரியில் தமிழ் படித்து, பிறகு அதையே சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன். நாங்கள் படித்த காலத்தில் மனிதக் குரல்கள்தான் எங்களுக்குக் கண். பிரெயிலில் கிடைத்த பாடநூல்கள் கொஞ்சம். மீதியை விடுதித் தோழர்கள் வாசித்துக் காட்டினார்கள், ஒலிநாடாவில் பதிந்து கொடுத்தார்கள். மேடைக் குரல் வாய்த்த ஒரு நண்பர் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை வாசித்தால் விடுதியே கூடிவிடும். ஆனால் கண்ணகியின் கோபம் முழுவதும் அவர் தொண்டையிலேயே தீர்ந்துபோகும். பாட்டைப் பற்றி நானாக நினைக்க எதுவும் மிஞ்சாது. தேர்வுக்கு எனக்குக் கைகொடுத்தவர் வேறொருவர். மூக்கடைத்த குரல், ஏற்ற இறக்கமே கிடையாது. ஆனால் ஒரு சொல்லையும் விழுங்க மாட்டார். புரியாத இடத்தில் சொந்தமாக எதையும் சேர்க்க மாட்டார். நிறுத்தச் சொன்னால் அந்த எழுத்தில் நிற்பார். இரண்டு வரி மேலே போகச் சொன்னால் சலித்துக்கொள்ளாமல் போவார்.

நல்ல திரைவாசிப்பான் குரலுக்கு இலக்கணம் கேட்டால் இன்றும் அவரைத்தான் சொல்வேன். சாவுச் செய்தியையும் தள்ளுபடி விளம்பரத்தையும் ஒரே தொனியில் சொல்கிறதே என்று வீட்டார் குறைப்படுவார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது. செய்தி என்னிடம் வந்து சேரட்டும். அழுவதும் சிரிப்பதும் என் வேலை.

பார்வையுள்ளவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. திரைவாசிப்பான் பத்தி பத்தியாக வாசிக்கும் நேரம் குறைவு. பெரும்பாலும் துண்டு துண்டாகவே பேசும். இணைப்பு, பொத்தான், தலைப்பு, தேர்வுசெய்யப்படவில்லை. விரலை நகர்த்தியதும் பழைய பேச்சு சட்டென்று அறுந்து புதியது தொடங்க வேண்டும். தட்டச்சு செய்யும்போது ஒவ்வொரு எழுத்தும் விசையோடு சேர்ந்தே ஒலிக்க வேண்டும். இனிமையான குரல்களில் பல இங்கேதான் தடுமாறும். மனிதக் குரலைப் பதிவுசெய்து, துண்டுகளாக வெட்டி ஒட்டிப் பேசும் குரல்களை வேகமாக ஓட்டினால் ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்று வழியும். இப்போது வரும் நரம்பியல் வலைக் குரல்கள் மனிதரைப் போலவே பேசுகின்றன, மறுக்கவில்லை. ஆனால் அவற்றில் பல, பேச்சைக் கணித்து உருவாக்கச் சற்று நேரம் எடுத்துக்கொள்கின்றன. சில இணையம் இல்லாவிட்டால் வாயே திறப்பதில்லை. ஒரு விசைக்கு அரை நொடி தாமதம் என்றால் மற்றவர்களுக்கு அற்பமாகத் தோன்றும். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் விசைகள் என்று எண்ணிப் பாருங்கள்.

இதற்கு நேர்மாறானவை முழுக்கக் கணக்கீட்டிலேயே ஒலியை உண்டாக்கும் குரல்கள். தொண்டையும் வாயும் எந்தெந்த அதிர்வெண்களை எழுப்புமோ அவற்றை விதிகளின்படி கணினியே எழுப்புகிறது. அமெரிக்காவில் எம்ஐடியில் ஆராய்ச்சி செய்த டென்னிஸ் கிளாட் இந்தத் துறையின் பெரிய ஆள். அவருடைய உழைப்பிலிருந்து 1980களில் டெக்டாக் என்ற கருவி வந்தது. அதன் ஆண்குரலுக்குத் தம் குரலையே அவர் அடிப்படையாக வைத்தார்; பெண்குரலுக்கு மனைவியின் குரல், சிறுவர் குரலுக்கு மகளின் குரல். 1988இல் அவர் இறந்துவிட்டார். உலகம் ஸ்டீபன் ஹாக்கிங்கின் குரல் என்று கேட்டுக்கொண்டிருந்தது கிளாட்டின் வேலையிலிருந்து பிறந்த குரல்தான். பிறகு எத்தனையோ மேம்பட்ட குரல்கள் வந்தும் ஹாக்கிங் மாற்றிக்கொள்ளவில்லை. 2018இல் மறையும்வரை அதையே வைத்திருந்தார். அவர் திரைவாசிப்பான்காரர் அல்ல, பேசுவதற்காகப் பயன்படுத்தியவர். ஆனாலும் "இதைவிட நல்ல குரல் இருக்கிறதே" என்று சொல்பவர்களிடம் ஒருவர் பிடிவாதமாக இருக்கலாம் என்பதற்கு அவரைவிடப் பெரிய சாட்சி யார்?

எலோக்வன்ஸ் கதையும் அப்படித்தான். நியூயார்க் மாநிலத்தின் இதாகா நகரில் உருவாகி 1990களில் வந்த இயந்திரக் குரல் அது. ஜாஸ் திரைவாசிப்பானில் ஆங்கிலம் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறைக்கு அதுவே தாய்க்குரல் ஆகிவிட்டது. ஆப்பிள் எத்தனையோ மெருகேறிய குரல்கள் வைத்திருந்தும், 2022இல் ஐஓஎஸ் 16 வந்தபோது இந்தப் பழைய குரலையும் கூடவே சேர்த்தது. வேகமாக ஓட்டினாலும் உடையாத குரல் என்பதால்தான் அதற்கு அவ்வளவு கிராக்கி. சாதாரணமாக ஆங்கிலம் பேசுபவர் நிமிடத்துக்கு 150 சொற்கள் அளவில் பேசுகிறார். பழகிய திரைவாசிப்பான்காரர் அதைப்போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வேகத்தில் கேட்பார். பக்கத்தில் இருப்பவருக்கு அது இரைச்சலாக இருக்கும். அவர் காதுக்கு அது ஒரு பொருட்டல்ல, வேலை நடக்கிறது.

தமிழுக்கு இதே வகையில் ஈஸ்பீக் என்றொரு புண்ணியவான் இருக்கிறார். ஜோனதன் டடிங்டன் என்ற ஆங்கிலேயர் 1995இல் ஏகார்ன் கணினிக்காகத் தொடங்கியது. இன்று தன்னார்வலர்கள் பராமரிக்கும் ஈஸ்பீக் என்ஜியில் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் இருக்கின்றன, தமிழும் அதில் ஒன்று. 2006இல் பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் மைக்கேல் கரன் தொடங்கிய என்விடிஏ என்னும் இலவசத் திரைவாசிப்பானோடு அதுவும் கூடவே வருகிறது. ஒரு காசு செலவில்லை. கேட்க இனிமையாக இருக்காது, அது உண்மை. முதல் வாரம் எரிச்சல்கூட வரும்.

விண்டோஸில் வரும் தமிழ்க் குரலுக்கு வள்ளுவர் என்று பெயர். (வள்ளுவர் வாயால் கேஸ் சிலிண்டர் முன்பதிவுச் செய்தியைக் கேட்கும் பாக்கியம் எங்களுக்குத்தான் வாய்த்தது.) ஆப்பிளில் வாணி இருக்கிறார். கூகுளுக்கும் தமிழ்க் குரல்கள் உண்டு. எதை எடுத்தாலும் தமிழுக்கென்று ஒரு சோதனை வையுங்கள். "பாபு பஸ்ஸில் காந்திபுரம் போனார்." இந்த ஒரு வாக்கியம் போதும். தமிழில் ப, க, த எல்லாம் இருக்கும் இடத்தைப் பொறுத்து வல்லோசையாகவோ மெல்லோசையாகவோ ஒலிக்கும். இந்த வழக்கு நம் சொற்களுக்குப் பொருந்தும், விதியாக எழுதிக் கணினிக்கும் கொடுத்துவிடலாம். ஆனால் பாபுவும் பஸ்ஸும் காந்தியும் பாரதியும் விதிக்கு அடங்க மாட்டார்கள். கேட்டுத் தெரிந்தவருக்குத்தான் தெரியும். சில குரல்கள் தெரிந்துகொண்டு சொல்கின்றன. சில "பாபு"வின் முதல் எழுத்தைப் "பாட்டி"யின் முதல் எழுத்தாகவே சொல்கின்றன. அதற்காகக் குரலை நிராகரிக்க வேண்டியதில்லை, பழகிவிடும். என்விடிஏவில் பேச்சு அகராதி என்று ஒன்று இருக்கிறது. அடிக்கடி இடறும் சொல்லை எப்படி ஒலிக்க வேண்டும் என்று அதில் சேர்த்துவிடலாம்.

எழுதுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். ரகரமும் றகரமும், தந்நகரமும் றன்னகரமும் இன்றைய பேச்சில் ஒன்றாகவே ஒலிக்கின்றன. எவ்வளவு அழகான குரலும் "அரை"யையும் "அறை"யையும் காதில் பிரித்துக் கொடுக்காது. லகர, ளகர, ழகர வேறுபாட்டையாவது குரல் காட்ட வேண்டும். காட்டாத குரலை ஆசிரியர்களும் மாணவர்களும் வைத்துக்கொள்ளவே கூடாது என்பேன். "வலி, வழி, வளி" என்று தட்டிக் கேட்டுப் பாருங்கள். மூன்றும் ஒன்றாகக் கேட்டால் அடுத்த குரலுக்குப் போங்கள். பிரெயில் கற்றவர்கள் அதை விட்டுவிடாதீர்கள் என்று பிள்ளைகளிடம் நான் சண்டை போடுவதும் இதற்காகத்தான். எழுத்துப்பிழையை விரல் பிடிப்பதுபோல் காது பிடிக்காது.

நம் ஊர்ச் செய்திகள் பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாக வருகின்றன. தமிழ்க் குரலிடம் ஆங்கிலத்தைக் கொடுத்தால் சமாளிக்கும்; ஆங்கிலக் குரலிடம் தமிழைக் கொடுத்தால் பல சமயம் அப்படியே தாண்டிப் போய்விடும், செய்தியில் பாதி காணாமல் போனதுகூடத் தெரியாது. எந்த மொழிக்கு எந்தக் குரல் என்று பிரித்து அமைத்துக்கொள்வது நல்லது. ஆங்கிலத்துக்கு இந்திய உச்சரிப்புக் குரல்கள் உண்டு. திருச்சிராப்பள்ளியை அமெரிக்கக் குரல் படுத்தும் பாட்டைக் கேட்டவர்களுக்கு அதன் அருமை தெரியும். எண்களையும் சோதியுங்கள். 1,25,000 என்பதை எப்படிச் சொல்கிறது, வங்கி அனுப்பும் ஆறு இலக்க எண்ணைத் தனித்தனியாகச் சொல்கிறதா, இலட்சக் கணக்கில் சொல்கிறதா? பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் குரலின் இனிமை உதவாது.

குரலைக் குறை சொல்லும் முன் எழுத்தையும் பார்க்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு வந்தால் "அம்மா" என்ற சொல் "எம் கே செமிகோலன் கே எச்" என்று கேட்கும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். எழுத்துரு மேலே தமிழ் வேஷம் போட்டிருக்கிறது. தமிழ் எழுத்துகளுக்கென்றே குறியீடுகள் தரும் ஒருங்குறியை (யூனிகோடு) 2010இலேயே தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. இன்றைக்கும் அழைப்பிதழ் அச்சகத்திலிருந்தும் சில அலுவலகங்களிலிருந்தும் அந்தப் பழைய கோப்புகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. எந்தக் குரலை மாற்றினாலும் இது தீராது. அனுப்பியவரிடம் ஒருங்குறியில் கேட்டு வாங்குவதுதான் வழி.

இனி வயதானவர்களுக்கு. சர்க்கரையாலோ கண்ணழுத்த நோயாலோ அறுபதுக்கு மேல் பார்வை போனவர்கள் என்னிடம் ஆலோசனை கேட்பது கூடிக்கொண்டே வருகிறது. வயதாகும்போது காது முதலில் இழப்பது உச்ச அதிர்வெண்களை. ச, ஸ போன்ற மெய்யொலிகள் அங்கேதான் வாழ்கின்றன. அதனால் பேரப்பிள்ளைகளுக்குப் பிடித்த மெல்லிய பெண்குரல் தாத்தாவுக்குப் பாதிதான் கேட்கும். அவர் தலையாட்டுவார், புரிந்திருக்காது. சுருதியைக் கொஞ்சம் தாழ்த்தி, கனத்த குரலாக, நிதானமான வேகத்தில் வைத்தால் வேறுபாடு உடனே தெரியும். ஒலியளவைக் கூட்டுவது அதற்கு ஈடாகாது. வேகத்தை ஏற்றுவதானால் சிறிது சிறிதாக, சொல் ஒன்றும் தவறவில்லை என்ற உறுதியோடு ஏற்றுங்கள். இளைஞர்களின் வேகத்தைப் பார்த்து ஏங்க வேண்டியதில்லை. நானே இப்போது முன்பிருந்ததைவிடக் குறைத்துத்தான் வைத்திருக்கிறேன்.

வேலைக்கு ஒரு குரல், இரவில் நாவல் கேட்க ஒரு குரல் என்று வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை. நாவலுக்கு நானும் இனிமையான குரலைத்தான் எடுக்கிறேன்; அங்கே விசை தட்டும் வேலையில்லை, குரல் தன் போக்கில் ஓடட்டும். என்னிடம் படித்து இன்று வங்கியில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, "ஐயா, ஆபீஸ் குரல் வீட்டுக்கு வந்தா தூக்கம் வராது" என்று சொல்லிக் கைப்பேசியில் வேறு குரல் வைத்திருக்கிறாள். எதை வைத்தாலும் இணையம் இல்லாமல் பேசும் குரல் ஒன்றைச் சாதனத்தில் இறக்கி வையுங்கள். மழைநாளில் கைப்பேசிக் கோபுரம் படுத்துவிட்டால் அழகான குரல்தான் முதலில் ஊமையாகும்.

உதவ வரும் பிள்ளைகள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். இரண்டு மூன்று குரல்களை நிறுவிக் கொடுங்கள். கைப்பேசியானால் டாக்பேக் அமைப்புகளில் பேச்சுப் பொறியை மாற்றும் இடத்தை அவர் விரலைப் பிடித்துக் காட்டுங்கள்; கணினியானால் கன்ட்ரோல், என்விடிஏ விசைகளோடு அம்புக்குறியைத் தட்டிக் குரலையும் வேகத்தையும் மாற்றும் முறையைச் சொல்லிக்கொடுங்கள். பிறகு எழுந்து போய்விடுங்கள். ஒரு வாரம் கழித்து அவர் எந்தக் குரலோடு இருக்கிறார் என்று கேட்டுக்கொள்ளலாம். உங்களுக்குச் சகிக்காத குரலாக இருந்தால், அவருக்கு ஒரு இயர்போன் வாங்கிக் கொடுங்கள்.